இரண்டு நானோமீட்டரா, ஐந்தா? பல்லேடியம் துகளின் அளவைப் பற்றி ஒரு மாணவருக்குப் பதில்

வியாசர்பாடியில் இருந்து எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "உலோகத் துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்ல கேட்டலிஸ்ட் (வினையூக்கி) என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். என் ப்ராஜெக்ட் பல்லேடியம் வைத்து செலக்டிவ் ஹைட்ரஜனேஷன், அதாவது வேண்டிய பிணைப்பில் மட்டும் ஹைட்ரஜன் ஏற்றுவது. கைடு 4, 5 நானோமீட்டர் துகள் செய்தால் போதும் என்கிறார். 2 நானோமீட்டருக்கு இறக்கினால் ரிசல்ட் இன்னும் நன்றாக வராதா? சரியான சைஸ் எது?"

உங்கள் கைடு சொல்வதில் விஷயம் இருக்கிறது தம்பி. மணலி பக்கம் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஆட்டோகிளேவோடு (அழுத்தத்தில் வினை நடத்தும் மூடிய கலன்) குடும்பம் நடத்தியவன் நான். இப்போது தண்டையார்பேட்டையில் ஓய்வில் இருக்கிறேன். துகளைச் சிறிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நானும் நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டேன். அந்தக் கதை பிறகு. பல்லேடியத்துக்கென்று சரியான சைஸ் ஒன்று கிடையாது. நீங்கள் நடத்தப்போகும் வினைக்குத்தான் அது உண்டு. அசிட்டிலீனுக்கு ஒரு கணக்கு, பட்டை வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைடுக்கு வேறு கணக்கு. ஏன் அப்படி என்பதற்குக் கேரம் போர்டு வரை போக வேண்டும்.

உங்கள் பக்கம் சாயங்காலமானால் கேரம் சத்தம் கேட்காத தெரு இருக்காது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா நம் வடசென்னைப் பெண்தான். ஆட்டம் தொடங்கும்போது 19 காய்களையும் நடுவில் அடுக்குவார்கள் இல்லையா? நடுவே ரெட், அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12. இதை 19 அணுக்கள் கொண்ட ஒரு சின்ன உலோகத் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிபவை 12, அதாவது 63 சதவீதம். இன்னொரு சுற்று அடுக்கினால் 18 காய் சேர்ந்து 37 ஆகும். வெளியே 49 சதவீதம். அதற்கும் மேல் ஒரு சுற்று போட்டால் மொத்தம் 61, வெளியே 24, அதாவது 39 சதவீதம். துகள் பெருக்கப் பெருக்க வெளியே நிற்கும் பங்கு குறைகிறது. சிறியது நல்லது என்று நீங்கள் படித்ததெல்லாம் இந்தக் கணக்குதான். உள்ளே புதைந்த பல்லேடியத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். அது வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது வெளிச்சுற்றை மட்டும் உற்றுப் பாருங்கள். அடுக்கு ஓர் அறுகோணம். அதன் மூலையில் இருக்கும் காய் மூன்று காய்களைத்தான் தொடும். இரண்டு மூலைகளுக்கு நடுவே இருப்பது நான்கைத் தொடும். உள்ளே இருப்பது ஆறையும் தொடும். அறுகோணத்துக்கு எத்தனை சுற்று போட்டாலும் மூலை ஆறுதான். எனவே 19 காய் அடுக்கில் வெளியே இருப்பவற்றில் பாதி மூலைக்காய். 37-இல் மூன்றில் ஒன்று. 61-இல் கால்வாசி. வெளியே எத்தனை பேர் என்பது மட்டுமில்லாமல், வெளியே நிற்பவர்கள் யார் யார் என்பதும் மாறிக்கொண்டே போகிறது.

நிஜத் துகள் தட்டையாக இருக்காது. பல்லேடியம் அணுக்களைப் பதினான்கு முகம் கொண்ட உருண்டை போன்ற வடிவத்தில் அடுக்கிக் கணக்குப் போட்டால், 55 அணுக்கள் சுமார் 1.4 நானோமீட்டர் வரும். அதில் 42 வெளியே. அந்த 42-இல் மூலையிலும் விளிம்பிலும் 36. சமதளத்தில் வெறும் 6. 561 அணுக்கள் என்றால் சுமார் 3 நானோமீட்டர். வெளியே 252, அதில் மூலையும் விளிம்பும் 108. 3,871 அணுக்கள் என்றால் ஏறக்குறைய 6 நானோமீட்டர். வெளியே 1,002, அதில் மூலையும் விளிம்பும் 228 மட்டும். 1.4-இலிருந்து 6-க்குப் போகும்போது வெளியே தெரியும் பங்கு 76 சதவீதத்திலிருந்து 26-க்கு இறங்குகிறது. எல்லாரும் பார்ப்பது இந்த எண்ணைத்தான். நான் பார்க்கச் சொல்வது அடுத்த எண்ணை: வெளியே இருப்பவற்றில் மூலை, விளிம்பு அணுக்களின் பங்கு 86 சதவீதத்திலிருந்து 23-க்கு விழுகிறது. 6, 7 நானோமீட்டரைத் தாண்டினால் இந்த மாற்றம் மெதுவாகிவிடும். அளவைப் பற்றிய சண்டையெல்லாம் 1-க்கும் 6-க்கும் நடுவில் நடப்பது அதனால்தான்.

மூலை அணுவுக்கு என்ன விசேஷம்? துகளின் நடுவில் புதைந்த அணுவுக்கு 12 அண்டை அணுக்கள். சமதளத்தில் 8 அல்லது 9, விளிம்பில் 7, மூலையில் 5. அண்டை குறையக் குறைய, வரும் மூலக்கூறை அந்த அணு இறுக்கிப் பிடிக்கும். பேச்சுத் துணை இல்லாத பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு "சரி பாட்டி, வரேன்" என்று சொல்லிக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மாதிரிதான். பிடி லேசாக இருந்தால் மூலக்கூறு வினைக்கு நிற்காது. இறுக்கமாக இருந்தால் வினை முடிந்த பிறகும் போகாது. நடுவில் ஓர் அளவான பிடி வேண்டும்.

இந்தப் பிடிதான் செலக்டிவ் ஹைட்ரஜனேஷனில் உயிர்நாடி. அங்கே நமக்கு வேண்டியது பாதியில் நிறுத்துவது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறியவர் தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டும். தூங்கிப்போய் விம்கோ நகரில் கண் விழித்தால் என்ன பயன்? அசிட்டிலீனில் ஹைட்ரஜன் சேர்ந்தால் எத்திலீன். அங்கேயே நிற்க வேண்டும். இன்னொரு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஈத்தேன், போச்சு.

ஹால்டியா, ஹஜீரா மாதிரி பெட்ரோகெமிக்கல் ஆலை உள்ள இடங்களில், கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாஃப்தாவையோ ஈத்தேனையோ நீராவியோடு உடைத்து எத்திலீன் எடுக்கிறார்கள். வெளியே வரும் வாயுவில் 1 சதவீதத்துக்கு முன்னே பின்னே அசிட்டிலீன் கலந்திருக்கும். பாலித்தீன் ஆக்கும் வினையூக்கிக்கு அது விஷம். அதைப் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவுக்குக் கீழே இறக்கியே ஆக வேண்டும். சவாலைப் பாருங்கள்: நூறு பேர் கூட்டத்தில் ஒருவரை மட்டும் பிடிக்க வேண்டும், மற்ற பேரைத் தொடவே கூடாது. அதுவும் தொடுவதற்கு அவர்கள் எல்லாரும் தயாராக நிற்கும்போது. அசிட்டிலீனை எத்திலீனாக்கினால் மோலுக்கு 170 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வரும். எத்திலீன் ஈத்தேனானால் இன்னொரு 137. எதைத் தொடுவது, எதை விடுவது என்ற இந்தத் தேர்வு தவறினால் சரக்கு வீணாவதோடு வெப்பம் ஏறி, வெப்பத்தால் வினை இன்னும் வேகமாகி, ரியாக்டரே கைமீறிப் போகும்.

சரி, இவ்வளவு எத்திலீன் நடுவே அசிட்டிலீன் மட்டும் எப்படி வினைபுரிகிறது? பல்லேடியம் அசிட்டிலீனை எத்திலீனைவிட பலமாகப் பிடிக்கும். அசிட்டிலீன் மிச்சமிருக்கும்வரை அது இருக்கைகளையெல்லாம் பிடித்துக்கொண்டு எத்திலீனை உட்கார விடாது. புதிதாக உருவான எத்திலீனும் தள்ளுமுள்ளில் வெளியே வந்துவிடும். ஆக, தேர்வுக்குக் காரணம் பிடியில் இருக்கும் வித்தியாசம். இங்கேதான் துகளின் அளவு உள்ளே வருகிறது.

மிகச் சிறிய துகளில் மூலை அணுக்கள் அதிகம் என்று பார்த்தோம். அவை அசிட்டிலீன் வகை மூலக்கூறுகளை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கும். இருக்கை நிரம்பி வழியும், ஆனால் வினை ஓடாது. 1980-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தில் இதை அழகாகக் காட்டினார்கள். எத்திலீன் மாதிரி ஒரே இரட்டைப் பிணைப்பு உள்ள பியூட்டீனை ஹைட்ரஜனேற்றினால் ஒரு வெளி அணுவுக்கான வேகம் துகளின் அளவால் பெரிதாக மாறவில்லை. அசிட்டிலீன் மாதிரி முப்பிணைப்பு உள்ள பியூட்டைனையும், இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ள பியூட்டாடையீனையும் எடுத்தால் துகள் சிறுக்கச் சிறுக்க அந்த வேகம் விழுந்தது. ஒரே உலோகம், ஒரே துகள், மூலக்கூறு மட்டும் வேறு; அளவைப் பற்றிய தீர்ப்பும் வேறு. இப்படி அளவுக்கேற்ப மாறும் வினைகளையும் மாறாத வினைகளையும் 1960-களின் கடைசியிலேயே வினையூக்கி ஆய்வாளர் மிஷேல் பூடார் இரண்டு வகையாகப் பிரித்துவிட்டார். உங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் அத்தியாயத்தில் அவர் பெயர் வராமல் இருக்கக் கூடாது.

அப்படியானால் பெரிய துகள்தான் நல்லதா? அவசரப்படாதீர்கள். பல்லேடியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஹைட்ரஜனைக் குடித்து வயிற்றில் வைத்துக்கொள்ளும். தன் கன அளவைப் போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை அது உறிஞ்சும் என்று தாமஸ் கிரஹாம் 1866-லேயே கண்டார். அறை வெப்பத்தில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு ஹைட்ரஜன் இருந்தாலே போதும், பெரிய துகள் பல்லேடியம் ஹைட்ரைடாக மாறத் தொடங்கிவிடும். ஏறக்குறைய மூன்று பல்லேடியம் அணுவுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்ற கணக்கில் உள்ளே போய் உட்காரும். இந்த உள்ளிருப்பு ஹைட்ரஜன் மேலே ஏறி வரும்போது தயவு தாட்சணியம் பார்க்காது. மேலே நிற்பது அசிட்டிலீனா எத்திலீனா என்று பார்க்காமல் முழுக்க நிரப்பி ஈத்தேனாக்கி அனுப்பும். துகள் 2, 3 நானோமீட்டருக்கு இறங்கினால் உள்ளே இடம் குறைவு. இந்தச் சேமிப்பும் குறைகிறது. ஆக, பிடி விஷயத்தில் பெரிய துகளுக்கு வெற்றி, ஹைட்ரைடு விஷயத்தில் சிறிய துகளுக்கு வெற்றி. இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போது நடுவில் ஓர் அளவு நன்றாக வேலை செய்வதுபோல் தெரியும். உங்கள் கைடு சொன்ன 4, 5 அங்கிருந்து வந்திருக்கலாம்.

இதோடு முடியவில்லை. அசிட்டிலீன் மேலே உடைந்தால் அதன் கார்பன் மேல்தட்டுக்கு அடியில் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். அது ஒரு மூடி போல, உள்ளிருக்கும் ஹைட்ரஜன் மேலே வரும் வழியை அடைத்துவிடும். நீங்கள் ரியாக்டருக்குள் போட்ட துகள் ஒன்று, பத்து நிமிடம் கழித்து வேலை செய்யும் துகள் வேறொன்று. 2008-இல் டெஷ்னரும் கூட்டாளிகளும் இதை வினை நடக்கும்போதே ஊடுருவிப் பார்த்து எழுதினார்கள். கட்டாயம் தேடிப் படியுங்கள்.

இத்தனை சிக்கலுக்கும் ஆலைக்காரர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? அளவைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை, வெள்ளியைக் கலந்தார்கள். பல்லேடியத்தோடு வெள்ளி சேர்ந்தால் பிடி தளர்கிறது, ஹைட்ரைடும் எளிதில் உருவாகாது. வாயுவில் துளி கார்பன் மோனாக்சைடு விட்டால் அது போய் எத்திலீன் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்னும் பழைய உதாரணம், ஹெர்பர்ட் லிண்ட்லர் 1952-இல் வெளியிட்ட வினையூக்கி: கால்சியம் கார்பனேட் மேல் பல்லேடியம், அதைக் கொஞ்சம் ஈயத்தாலும் குயினோலினாலும் வேண்டுமென்றே கெடுத்து வைப்பது. வைட்டமின் ஏ தயாரிப்புக்காகப் பிறந்த சரக்கு அது. எழுபது வருடம் கழித்தும் ஆய்வகங்களில் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இப்போது நான் கையைச் சுட்டுக்கொண்ட கதை. சோப்புக்கும் சென்ட்டுக்கும் போகும் ஒரு வாசனைப் பொருளுக்கு, முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்பாக்கும் ஒரு படி எங்களிடம் இருந்தது. வினையூக்கி பல்லேடியம்தான். ஒரு தடவை சப்ளையரை மாற்றினார்கள். அதே சதவீத பல்லேடியம், துகள் மட்டும் இன்னும் நுணுக்கமானது, விலையும் கொஞ்சம் குறைவு. நான்தான் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வினையில் உள்ளே போன ஹைட்ரஜனின் மொத்த அளவைக் கிராஃப் தாளில் குறித்துக்கொண்டே வருவோம். பழைய சரக்கில் கோடு நேராக ஏறி, ஒரு மோலுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் போனதும் முழங்கை மடங்கின மாதிரி சட்டென்று படுத்துவிடும். அந்த முழங்கை தெரிந்ததும் ஹைட்ரஜனை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம். புது சரக்கில் கோடு ஆரம்பத்தில் சோம்பேறியாக ஏறியது. முழங்கை வர வேண்டிய இடத்தில் வரவே இல்லை. அழுத்தமானியில் முள் இறங்கிக்கொண்டே இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜிசியில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப்) போட்டுப் பார்த்தால், வேண்டாத முழு ஹைட்ரஜனேற்றப் பொருளின் பீக் பக்கத்தில் பூதம் மாதிரி எழுந்து நிற்கிறது. அந்த பேட்ச் போனது. மேலே திட்டு வாங்கியதும் நான்தான்.

பிறகு, வெளி அணுக்களில் மட்டும் ஒட்டும் கார்பன் மோனாக்சைடை உறிஞ்ச வைத்து அளந்தோம். பழையதில் ஐந்தில் ஓர் அணுதான் வெளியே; புதியதில் ஏறக்குறைய பாதி. சிறிய துகள்தான் குற்றவாளி என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன். புது சப்ளையர் உலோக உப்பையே வேறு எடுத்திருக்கலாம். தாங்கியின், அதாவது பல்லேடியத்தைச் சுமக்கும் பொடியின், துளை வேறாக இருந்திருக்கலாம். பழைய சரக்கில் சொல்லாமல் கொள்ளாமல் ஈயம் மாதிரி ஏதோ ஒரு தணிப்பான் இருந்திருக்கலாம். அளவு மாறும்போது அதோடு இன்னும் நான்கு விஷயம் மாறும். உங்கள் ப்ராஜெக்ட்டில் நீங்கள் விழப்போகும் பள்ளமும் இதுதான்.

அதற்குப் போகும் முன், பெரிய துகள் ஜெயிக்கும் வினை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரியாணிக்குப் போடும் பட்டையின் வாசனை சின்னமால்டிஹைடு. இந்த மூலக்கூறில் ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்பும், பக்கத்திலேயே கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பும் இருக்கின்றன. சென்ட்காரர்களுக்கு வேண்டிய சின்னமில் ஆல்கஹால் கிடைக்க, ஆக்சிஜன் பக்கத்தை மட்டும் ஹைட்ரஜனேற்ற வேண்டும். வெப்ப இயக்கவியலோ கார்பன் பக்கமே சாய்கிறது. பல்லேடியத்தை எடுத்தால் அதுவும் கார்பன் பக்கமே போகும். இந்த வேலைக்கு பிளாட்டினம். 1, 2 நானோமீட்டர் பிளாட்டினத் துகளில் மூலையும் விளிம்புமே இருப்பதால், மூலக்கூறு எந்தப் பக்கமும் சாய்ந்து படுத்துக்கொள்ளலாம். கார்பன் பிணைப்பும் அகப்படும். துகள் பெரிதாகி அகலமான சமதளம் கிடைத்தால், மூலக்கூறின் பென்சீன் வளையம் தளத்தை நெருங்க முடியாமல் இடிபடும். அதனால் கார்பன் பக்கம் சற்றே தள்ளி நிற்கும். முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் முதலில் தொடும். ஆக, இங்கே துகள் பெரிதானால் தேர்வு கூடுகிறது. அணுவின் பிடி, பக்கத்து இடம் எவ்வளவு அகலம் என்ற இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கும் கணக்கு இது. ஆர்வமாக இருந்தால் காலசோவும் ரிஷாரும் 1990-களில் எழுதியதைத் தேடுங்கள்.

தங்கம் முழுக்கத் தலைகீழ். சௌகார்பேட்டையில் தொங்கும் சங்கிலிமேல் எவ்வளவு ஹைட்ரஜன் ஊதினாலும் ஒன்றும் ஆகாது. கட்டித் தங்கத்துக்கு ஹைட்ரஜனை உடைக்கத் தெம்பில்லை. ஜப்பானின் ஹருட்டா 1980-களில் ஆக்சைடு மேல் தங்கத்தைச் சில நானோமீட்டர் துகளாக உட்கார வைத்து, கார்பன் மோனாக்சைடை அறை வெப்பத்துக்கும் கீழே எரித்துக் காட்டியபோதுதான் தங்கத்தை வேதியியலாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹைட்ரஜனேற்றத்திலும் அப்படித்தான்: சிறிய துகளின் மூலைகள்தான் ஹைட்ரஜனை உடைக்கின்றன. அதிலும் மெதுவாக. அந்த மெதுவே நமக்கு லாபம். 2006-இல் கொர்மாவும் செர்னாவும் டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) மேல் தங்கத்தை வைத்து, நைட்ரோஸ்டைரீனில் இரட்டைப் பிணைப்பைத் தொடாமல் நைட்ரோவை மட்டும் அமீனாக்கினார்கள். பல்லேடியத்தை அங்கே விட்டிருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்திருக்கும்.

ஒற்றை அணு வினையூக்கிகளைப் பற்றியும் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். அணுக்களைத் தனித்தனியாகத் தாங்கியில் பதிப்பது. 2011-இல் சீனாவின் தாவோ ஜாங் குழு இரும்பு ஆக்சைடு மேல் பிளாட்டினத்தை அப்படிப் பதித்ததிலிருந்து இது பேஷன். தனி அணு எத்திலீனை லேசாகத்தான் பிடிக்கும், எனவே தேர்வு பிரமாதம். ஹைட்ரஜனை உடைக்க அக்கம்பக்கம் அணு இல்லாததால் வேகம் பெரும்பாலும் குறையும், வெப்பம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் அணுக்கள் நகர்ந்து கூட்டுச் சேரும். முதல் ப்ராஜெக்ட்டுக்கு அதன் பக்கம் போகாதீர்கள்.

நகர்ந்து கூட்டுச் சேர்வது என்றதும் ஞாபகம் வருகிறது. காசிமேட்டில் விடியற்காலை ஐஸைப் பொடித்து மீன் பெட்டியில் கொட்டுவார்கள். பொடி ஐஸ் மீனைச் சட்டென்று குளிர வைக்கும், ஆனால் மத்தியானத்துக்குள் பெட்டியின் அடியில் தூளெல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும். நானோ துகளும் அப்படித்தான். சிறியது சும்மா இருக்காது. பெரியதோடு சேரப் பார்க்கும், அல்லது தன் அணுக்களை ஒவ்வொன்றாகப் பெரியதிடம் இழந்து கரையும். பல்லேடியம் 1,555 டிகிரியில்தான் உருகும் என்று தைரியமாக இருக்காதீர்கள். மேற்பரப்பு அணுக்கள் 300 டிகிரிக்குப் பக்கத்திலேயே அசையத் தொடங்கிவிடும். 2 நானோமீட்டரில் செய்து, 400 டிகிரியில் ஹைட்ரஜனால் ஒடுக்கி (உப்பை உலோகமாக்கி), 4 நானோமீட்டரில் வினை நடத்திவிட்டு, 2 என்று அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவை வினைக்கு முன்னும் பின்னும் எடுங்கள்.

அளவை எடுப்பதிலும் ஒரு கண்கட்டு உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 2 நானோமீட்டர் துகள் நூறும் 20 நானோமீட்டர் துகள் ஒன்றும் இருப்பதாக வையுங்கள். சராசரி போட்டால் 2-க்கு மேல் கொஞ்சம் வரும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் 20 நானோமீட்டர் துகள் ஒன்றின் கன அளவு 2 நானோமீட்டர் துகள் ஆயிரத்துக்குச் சமம். அந்த ஒரே துகளில், மற்ற நூறிலும் சேர்த்து இருப்பதைப் போல் பத்து மடங்கு உலோகம். மேற்பரப்போ நூறுக்கும் ஒன்றுக்கும் சரிசமம். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் (XRD) உங்கள் கண்ணில் படுவது அந்தப் பெரிய துகளின் கூர்மையான கோடு மட்டும். நுண்ணோக்கியில் எண்ணிய சராசரியும், எக்ஸ்-கதிரும், வாயு உறிஞ்சலும் மூன்று விடை சொன்னால் யாரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் மூன்று விதமாக எண்ணுகின்றன. குறைந்தது இருநூறு துகள் எண்ணுங்கள், சராசரியை மட்டும் கொடுக்காமல் பரவலின் படத்தையும் போடுங்கள்.

அப்புறம் வேகத்தைக் கிராமுக்கு எழுதாதீர்கள், வெளி அணு ஒன்றுக்கு எழுதுங்கள். ஒரு கணக்கு பாருங்கள். ஒரு பேச்சுக்கு 2 நானோமீட்டரில் பாதி அணு வெளியே, 5 நானோமீட்டரில் ஐந்தில் ஒன்று என்று வையுங்கள். 5 நானோமீட்டரில் ஒவ்வொரு வெளி அணுவும் இரண்டு மடங்கு சுறுசுறுப்பு என்று வைத்தால்கூட, கிராம் கணக்கில் 0.4-க்கு 0.5 என்று சிறிய துகளே ஜெயித்ததுபோல் தெரியும். ஆலை முதலாளிக்குக் கிராம் கணக்குதான் முக்கியம், அதில் தப்பில்லை. துகளின் அளவு வினைக்கு என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்டால் அந்த எண் உங்களை ஏமாற்றும்.

தேர்வுத்திறனை ஒப்பிடும்போது இன்னும் கவனம். ஒரு வினையூக்கியை 40 சதவீத மாற்றத்திலும் (மூலப்பொருளில் அவ்வளவு வினைபுரிந்த நிலையில்) மற்றதை 95 சதவீதத்திலும் நிறுத்திவிட்டு, முதலாவது நல்ல தேர்வு என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே உட்கார வைத்துவிடுவார். மூலப்பொருள் தீரத் தீர எந்த வினையூக்கியும் விளைபொருளைத் தின்னத் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே மாற்றத்தில், முடிந்தால் 20, 50, 90 என்று மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்.

ஹைட்ரஜன் திரவத்துக்குள் போய்ச் சேரும் வேகமும் குறுக்கே நிற்கும். கலக்கியின் சுற்றைக் கூட்டினால் வினை வேகமாகிறதென்றால், நீங்கள் அளப்பது பல்லேடியத்தை இல்லை, கலக்கியை. சுற்றைக் கூட்டியும் மாறாத இடத்துக்குப் போன பிறகுதான் எண்களை நம்பலாம். துளைக்குள் நடப்பதைப் பிடிக்க மேடனும் பூடாரும் சொன்ன ஒரு சோதனை உண்டு: துகளின் அளவு ஒன்றாகவும் உலோகத்தின் அளவு வேறாகவும் இரண்டு வினையூக்கி செய்யுங்கள். உலோகம் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாக வேண்டும். ஆகாவிட்டால் மூலக்கூறு துளைக்குள் நடந்து களைத்துப் போகிறது என்று அர்த்தம். வனஸ்பதிக்காரர்கள் நிக்கலை வைத்துப் பட்ட பாடும் இதுவே. எண்ணெய் மூலக்கூறு பெரியது, குறுகிய துளைக்குள் போய் வெளியே வர நேரமாகி, அதற்குள் தேவைக்கு மேல் ஹைட்ரஜனேறிவிடும்.

உங்கள் பிளானுக்கு வருவோம். வெப்பத்தை ஏற்றி ஏற்றித் துகளைப் பெரிதாக்கும் பழைய வழி வேண்டாம். அதில் தாங்கியும் சேர்ந்து மாறும். டைட்டானியா என்றால் உயர் வெப்பத்தில் ஹைட்ரஜன் பட்டதும் அதன் ஆக்சைடே துகள்மேல் ஏறிப் போர்த்திக்கொள்ளும். துகளைக் கரைசலில் தனியாக 2, 3.5, 5 என்று மூன்று அளவில் செய்து, ஒரே பையிலிருந்து எடுத்த ஒரே தாங்கியில் உட்கார வையுங்கள். துகள் ஒட்டாமல் இருக்கப் போடும் பாலிமரை மூன்றிலும் ஒரே மாதிரி கழுவுங்கள். மிச்சமிருக்கும் பாலிமரே மூலைகளை மூடி நல்ல தேர்வு காட்டும், நீங்கள் அளவுக்குப் பெருமை கொடுத்துவிடுவீர்கள். நான்காவதாக, 2 நானோமீட்டர் சரக்கில் ஒரு பங்கை எடுத்துத் துளி ஈயமோ குயினோலினோ சேர்த்து ஓட்டுங்கள். அது மற்ற மூன்றையும் தோற்கடித்தால், சைஸைவிட மூலையை அடைப்பதுதான் காரியம் என்று உங்கள் அறிக்கையே சொல்லிவிடும். என் பந்தயம் அதன்மேல்தான். கைடு சொன்ன 5-ஐ விடாதீர்கள். 2-ஐயும் செய்யுங்கள், தோற்பதற்காகவாவது.

கடைசியாக ஒன்று, வேதியியலைவிட அவசரமானது. வினை முடிந்து வடிகட்டும்போது பல்லேடியம் ஏறிய கரியை வடிதாளில் காய விடாதீர்கள். ஹைட்ரஜனைக் குடித்த பல்லேடியம், மெத்தனால் ஆவி, காற்று மூன்றும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், தீக்குச்சி வேண்டாம். முதலில் ஆட்டோகிளேவில் நைட்ரஜன் விட்டு ஹைட்ரஜனைத் துரத்துங்கள். வடிதாள்மேல் எப்போதும் கொஞ்சம் திரவம் நிற்கட்டும். ஈரமாகவே எடுத்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டு மூடி, மேலே பெயரும் தேதியும் ஒட்டுங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு புனல் கருகிப்போய் அலமாரியில் ரொம்ப நாள் இருந்தது, புதிதாகச் சேருபவர்களுக்குக் காட்டுவதற்காக.